நூற்றுப் பன்னிரண்டோடு நின்றவர்

பஸ் டிப்போவில் அவருக்கு டூட்டி சார்ட் போடுகிற வேலை. நூற்று நாற்பது டிரைவர்களில் யாருக்கு எந்த வண்டி, எந்த ஷிப்ட், என்றைக்கு ஓய்வு என்பதையெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். அதனால் எல்லோருக்கும் அவர் 'சார்ட் சார்'. யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார்.

அவருடைய மேசைக்கு முன்னால் கம்பி போட்ட ஒரு ஜன்னல். சார்ட் எழுதுகிற நாளில் அங்கே கூட்டம் நெருக்கியடிக்கும்.

"சார், வியாழக்கிழமை மச்சான் வீட்டு விசேஷம். நான் போகலன்னா என் வீட்டுல விசேஷம் நடந்துடும்."

"அந்த ஏழாம் நம்பர் வண்டிய மட்டும் எனக்குப் போடாதீங்க சார். கியர் மாத்தறதுக்குள்ள தோள்பட்டை கழண்டு வருது."

அவர் பென்சிலால் எழுதுவார், ரப்பரால் அழிப்பார், மறுபடி எழுதுவார். தாள் சில இடங்களில் நைந்து ஓட்டையே விழுந்துவிடும். அதிகம் பேசமாட்டார். "பாக்கலாம்" என்பார். அவர் 'பாக்கலாம்' என்றால் கிடைக்கும், 'பாப்போம்' என்றால் கிடைக்காது என்று டிரைவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

ஒரு வாரம் அழித்து எழுதியதில் ஒரு பெயர் இரண்டு கட்டத்தில் நின்றுவிட்டது. மீசைக்கார டிரைவர் ஒருவர். காலை ஷிப்ட் முடித்தவர், சார்ட்டில் இருக்கிறதே என்று மாலை ஷிப்டும் ஓட்டினார். திரும்பி வரும்போது கண் அசந்து, வண்டி டிப்போ மதில் சுவரில் மோதி நின்றது. வண்டி காலியாக இருந்தது. அவருக்கும் உதட்டில் ஒரு கீறலோடு போயிற்று. விசாரணையில் யாரும் சார்ட் சாரைக் குறை சொல்லவில்லை. 'மனுஷன்தானே' என்று விட்டுவிட்டார்கள். அவரால் அப்படி விட முடியவில்லை. இடிந்த சுவரைப் பூசி முடிக்கும்வரை அந்தப் பக்கம் போகாமல் பின்வாசல் வழியாகவே வேலைக்கு வந்தார்.

அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தார். பார்த்துக்கொள்ள இவர் ஒருவர்தான். அக்கா கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அப்பா போய் நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மாலை ஆறு மணியானால் அவரைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகு துடைக்க வேண்டும். ஆள் போன பிறகும் ஆறு மணிக்குக் கை பரபரத்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பழைய புத்தகக் கடையில் ஒருநாள் மெல்லிய புரோகிராமிங் புத்தகம் ஒன்று கண்ணில் பட்டது. அட்டை கிழிந்திருந்தது. உள்ளே முதல் அத்தியாயத்தில், 'ஒரே பெயர் இரண்டு முறை வருகிறதா என்று எப்படிச் சோதிப்பது' என்று ஒரு பயிற்சி. அதை மூன்று முறை படித்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

கம்ப்யூட்டரை டிப்போ கழித்துப் போட்ட சாமான்களிலிருந்து மேனேஜரிடம் கேட்டு வாங்கினார். இரண்டு விரலால் தட்டினார். புத்தகத்தில் இருந்த ஒரு உதாரணத்தைக்கூட விடவில்லை. ஒரு கமா விட்டுப்போனதற்கு மூன்று நாள் மண்டை காய்ந்தது. கேட்க ஆள் கிடையாது. எங்கே தப்பு என்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, பாஷை தெரியாத வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. நான்காவது நாள் வேலை செய்தபோது சந்தோஷம் தாங்காமல் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, இன்னிக்கு ஓடிடுச்சு!"

"ஐயையோ, யாருடா?"

"புரோகிராம்க்கா. மூணு நாளா ஓடல. இப்ப ஓடுது."

"நல்லா பயமுறுத்துன போ. சரி, ஓடறத விட்டுட்டு நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. அக்காவுக்குக் கேட்கவும் எதுவும் இருக்கவில்லை.

இரண்டரை வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு புத்தகமாக வாங்கினார், படித்தார், அடிக்கோடிட்டார். கடைசியில் சார்ட் போடும் புரோகிராம் தயாரானது. ஒரு பெயர் இரண்டு இடத்தில் நிற்காது. ஓய்வு குறைந்தால் சிவப்பாகக் காட்டும். டிரைவர்கள் விடுமுறையைப் போனிலேயே கேட்கலாம். மேனேஜர் மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கினார். முதல் மாதத்திலேயே எல்லோருக்கும் பழகிவிட்டது.

ஜன்னலுக்கு யாரும் வரவில்லை.

அதை அவர் எதிர்பார்க்கவில்லை. இருபது வருஷமாக அந்தக் கூட்டத்தைத் தொல்லை என்றுதான் நினைத்திருந்தார். இப்போது வாரக்கடைசியில் கம்பிக்கு அந்தப் பக்கம் வெறும் முற்றமும், காற்றில் உருளும் டிக்கெட் குப்பையும்தான். ஒருநாள் மீசைக்கார டிரைவர் மட்டும் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். புரோகிராம் சரியா இருக்கா?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. தப்பே பண்ணல. ஆனா மச்சான் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு அதுகிட்ட சொல்ல முடியல."

"காரணம்னு ஒரு கட்டம் வெச்சிருக்கேனே. அதுல எழுதலாம்."

"எழுதலாம் சார். அது கேக்காதே."

அந்த வருஷக் கடைசியில் ஜன்னலைப் பலகை அடித்து மூடினார்கள். அவருக்கு மாடியில் தனி அறை கொடுத்தார்கள். பதவி உயர்வு என்று கடிதத்தில் இருந்தது.

புத்தகப் பட்டியல் போட வேண்டும் என்ற எண்ணம் அந்த மாடி அறையில்தான் வந்தது. தன்னைப்போல யாரிடமும் கேட்க முடியாமல் தனியாகக் கற்றுக்கொள்கிற ஆட்கள் எங்காவது இருப்பார்கள் அல்லவா? இணையத்தில் ஒரே ஒரு பக்கம் தயாரித்தார். 'தானாகப் புரோகிராமிங் கற்பவருக்குப் பதினொரு புத்தகங்கள்' என்று தலைப்பு. ஏழு புரோகிராமிங் பற்றியவை. நான்கு, மனிதன் தன்னை வளர்த்துக்கொள்வது பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு மூன்று வரி. 'மெல்லிய புத்தகம். உதாரணங்களைக் கையால் தட்டுங்கள், வெட்டி ஒட்டாதீர்கள்.' 'தப்பைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மட்டுமே பேசுகிற புத்தகம். கோபம் வருகிற நாளில் திறக்கவும்.' 'தினம் கொஞ்சம் செய்வது பற்றியது. முதல் நாற்பது பக்கம் போதும்; மிச்சத்தில் அதையே வேறு சட்டை போட்டுக் கூட்டி வருகிறார்.'

பதினோராவது, பிறரிடம் பேசிப் பழகுவது எப்படி என்ற புத்தகம். தினம் மூன்று புது ஆட்களிடம் பேசு என்று அதில் பயிற்சி. இவர் கீழே மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆரம்பித்தார். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றார். கடைக்காரர், "உட்காருங்க, கண்ணைச் செக் பண்ணிடலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். இல்லை, சும்மாதான் வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அரை மணி நேரம் எழுத்துகளைப் படித்துக் காட்டிவிட்டு, பார்வையில் ஒரு குறையும் இல்லை என்ற நற்செய்தியோடு மாடி ஏறினார். அந்தப் புத்தகத்தின் கீழே, 'பயனுள்ளது. பயிற்சிகள் கடினம்' என்று மட்டும் எழுதினார்.

இவையெல்லாம் உண்மை. ஐந்தாவது புத்தகத்தில்தான் அவர் சறுக்கினார்.

கணக்கு வழிமுறைகளை விளக்குகிற தடித்த புத்தகம் அது. தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல். அவர் பார்த்த எல்லாப் பட்டியல்களிலும் அது இருந்தது. வாங்கினார், ஆரம்பித்தார், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒன்றும் புரியாமல் நின்றார். பஸ் டிக்கெட் ஒன்றை அடையாளமாகச் செருகி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அது இல்லாமல் பட்டியல் போட்டால், படித்தவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பட்டது. அதனால் சேர்த்தார். சேர்த்ததோடு விட்டிருக்கலாம். தான் படிக்காதது தெரிந்துவிடக்கூடாது என்பதற்காகக் கொஞ்சம் கூடுதல் மிடுக்கோடு ஒரு வரி எழுதினார்: 'இதை முடிக்காதவர் தன்னைப் புரோகிராமர் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.'

பக்கத்தின் ஓரத்தில், இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் சின்ன எண். சில நாள் நான்கு, சில நாள் இரண்டு. பெரும்பாலும் ஒன்று. அந்த ஒன்று அவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு முதல் கடிதம் வந்தது. மின்னஞ்சல்தான், ஆனால் கடிதம் மாதிரியே எழுதியிருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை செய்கிற பெண். வயது முப்பத்தெட்டு என்று அவளே எழுதியிருந்தாள்.

'ஐயா, உங்கள் பட்டியலை வரிசை மாறாமல் படித்து வந்தேன். முதல் நான்கு புத்தகங்கள் முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. மெஷின் சுற்றும் நேரத்தில் துணி மூட்டைமேல் உட்கார்ந்து படிப்பேன். ஐந்தாவது புத்தகத்தோடு ஏழு மாதமாகப் போராடுகிறேன். நான்காம் அத்தியாயம் தாண்ட முடியவில்லை. நீங்கள் எழுதியிருப்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் அந்த வகை ஆள் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரியாமலே இன்னும் பல வருஷம் வீணாக்கியிருப்பேன். அதனால் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. புத்தகங்களை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன்.'

அவர் அதை மாடி அறையில் மதிய இடைவேளையில் படித்தார். டீ ஆறிப்போனது. அவள் திட்டியிருந்தால்கூட மனது சமாதானமாகியிருக்கும். நன்றி சொல்லியிருந்தாள். மதில் சுவர் விஷயத்திலாவது கைதவறி நேர்ந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வரியை அவர் யோசித்து, திருத்தி, அழகுபடுத்தி எழுதியிருந்தார்.

பதில் எழுத உட்கார்ந்தார். முதலில், மனம் தளராதீர்கள் என்று எழுதினார். படித்துப் பார்த்தால் அவருக்கே அருவருப்பாக இருந்தது. அடுத்து நான்காம் அத்தியாயத்தை விளக்கப் பார்த்தார். அது அவருக்கே தெரியாது. மூன்றாவதாக எழுதியதில் பூசி மெழுக இடம் இல்லாதபடி நான்கே வரி வந்தது.

'நான் அந்தப் புத்தகத்தை முடிக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். நான்காம் அத்தியாயத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நீங்கள் என்னைவிட அதிகம் படித்திருக்கிறீர்கள், மன்னித்துவிடுங்கள்.'

அனுப்பினார். பதில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில், "என்னடா குரலே ஒரு மாதிரி இருக்கு, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"ஒருத்தங்கள ஏமாத்திட்டேன்க்கா."

"நீயா? உனக்குக் கடையில மீதிச் சில்லறையக்கூட எண்ணி வாங்கத் தெரியாது. யார ஏமாத்துன?"

"ஒரு புத்தகம் படிச்சேன்னு பொய் சொன்னேன்."

"அவ்ளோதானா? அப்ப இப்ப படிச்சிடு" என்றாள். அவளுக்கு அடுப்பில் ஏதோ வேலை இருந்தது. வைத்துவிட்டாள்.

அவர் நாற்காலி போட்டு ஏறி மேல்தட்டிலிருந்து புத்தகத்தை இறக்கினார். பஸ் டிக்கெட்டின் அச்சு வெளுத்திருந்தது. நூற்றுப் பதின்மூன்றிலிருந்து தொடங்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். தினம் மாலை ஆறிலிருந்து எட்டு வரை. ஒரு நாளைக்கு மூன்று பக்கம் போனால் அதிசயம். நான்காம் அத்தியாயத்துக்கு வந்தபோது, அவள் துணி மூட்டைமேல் உட்கார்ந்து எதைப் பார்த்து விழித்திருப்பாள் என்று தெரிந்தது. புத்தகத்தின் கடைசியில் இருந்த பின்னிணைப்பு ஒன்றைப் படித்துவிட்டு வந்தால்தான் அந்த அத்தியாயம் புரியும். அதை அந்தப் புத்தகம் எங்கேயும் சொல்லவே இல்லை. கல்லூரியில் வகுப்பெடுக்கிறவர்கள் சொல்லியிருப்பார்கள். தனியாகப் படிப்பவருக்கு யார் சொல்வது? அது அவளுடைய மூளைக் குறை இல்லவே இல்லை. இதை உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒருமுறை எழுதிவிட்டோம், அவர்கள் விரும்பவில்லை, மறுபடி போய்க் கதவைத் தட்டுவது முறையல்ல என்று அடக்கிக்கொண்டார்.

புத்தகத்தை முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. முடித்த அன்று யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான்.

அதற்குள்ளேயே பட்டியலைத் திருத்தியிருந்தார். அந்த மிடுக்கான வரியை எடுத்துவிட்டார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி போட்டார். 'முடித்தேன்.' 'பாதி.' 'இரண்டு முறை படித்தேன், இரண்டாவது முறைதான் புரிந்தது.' 'வாங்கி வைத்திருக்கிறேன்.' ஐந்தாவதன் கீழே, அதைப் படிக்காமலேயே முன்பு எழுதினேன் என்பதையும், நான்காம் அத்தியாயத்துக்கு முன் பின்னிணைப்பைப் படிக்க வேண்டும் என்பதையும் எழுதினார். எழுதிவிட்டு, இனி வருகிற அந்த இரண்டு மூன்று பேரும் வரமாட்டார்கள் என்று நினைத்தார்.

நடந்தது வேறு. எப்படியோ அந்தப் பக்கம் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போயிருக்கிறது. கடிதங்கள் வர ஆரம்பித்தன. வாரத்துக்கு ஒன்று, இரண்டு. 'நானும் முடிக்கவில்லை ஐயா, எழுபதாம் பக்கம்.' 'இருநூற்று ஆறு. வெளியே சொன்னதே இல்லை.' ஒருவர் பன்னிரண்டு வருஷமாகப் புரோகிராமர் வேலையில் இருக்கிறவர். அந்தப் புத்தகம் மேசையில் இருக்கிறது, வருகிறவர்கள் பார்ப்பதற்காக என்று எழுதியிருந்தார். யாரும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. எங்கே நின்றோம் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டார். அவர்கள் நின்ற பக்கத்தை எடுத்துப் பார்த்து, அங்கே எது வழுக்குகிறது என்று தெரிந்தால் எழுதினார். தெரியாவிட்டால், 'நானும் இங்கே வழுக்கினேன்' என்று மட்டும் எழுதினார்.

அவளிடமிருந்து பதினோரு மாதம் கழித்து இரண்டே வரி வந்தது. ஒரு போன் நம்பரும், 'சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எனக்கு ஓய்வு' என்பதும்.

சரியாக இரண்டு மணிக்குக் கூப்பிட்டார். பின்னால் பெரிய மெஷின்களின் இரைச்சல் கேட்டது.

"நீங்கதானா?" என்றாள்.

"ஆமாங்க."

"உங்க மேல ரொம்பக் கோவமா இருந்தேன். அதான் பதில் போடல."

"நியாயந்தான்."

"ஏழு மாசங்க. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய் என் மூஞ்சியவே கண்ணாடியில பாக்கப் புடிக்காது. நமக்கு இவ்ளோதான்னு அழுதுருக்கேன். கடைசில பாத்தா நீங்களே படிக்கல."

இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"அப்புறம் படிச்சீங்களா?" என்று அவளே கேட்டாள்.

"படிச்சேன். எட்டு மாசம் ஆச்சு."

"எதுக்குப் படிச்சீங்க?"

"தெரியலீங்க. படிக்காம இருக்க முடியல."

அவள் சிரித்தாளா, இருமினாளா என்று அந்த இரைச்சலில் தெரியவில்லை. "நான் அதைத் திரும்பத் தொடல" என்றாள். "கொடுக்கறேன்னு சொன்ன புத்தகத்தையும் கொடுக்கல. ரெண்டாவது புத்தகத்தை வெச்சுக்கிட்டு, எந்த வார்டுக்கு எத்தனை போர்வை போகணும்னு ஒரு புரோகிராம் எழுதினேன். ஆறு வார்டுக்கு ஓடுது. ஐ.சி.யூ.வுக்கு மட்டும் தப்பாக் காட்டுது. அதைக் கண்டுபுடிச்சிடுவேன்."

"என்னன்னு சொன்னா நான் வேணா..."

"வேண்டாம். நானே பாத்துக்கறேன்." சட்டென்று சொன்னாள். பிறகு குரலைத் தணித்து, "உங்க லிஸ்ட்ல ஒண்ணு விட்டுப்போச்சு. ஸ்கூல் பசங்களுக்கான புரோகிராமிங் புத்தகம். அட்டையில தவளை போட்டிருக்கும். குழந்தைங்க வார்டுல கிடந்தது. கூச்சப்படாம உட்கார்ந்து படிச்சேன். மத்த எல்லாம் அதுக்கப்புறந்தான் புரிஞ்சுது. அதை முதல்ல போடுங்க."

"போடறேன்."

"படிச்சிட்டுப் போடுங்க" என்றாள். மெஷின் நின்றுவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாள். மொத்தம் ஆறு நிமிஷம். அந்த வாரம் முழுவதும் அவர் வேலை விஷயம் இல்லாமல் யாரிடமாவது பேசியது அந்த ஆறு நிமிஷம்தான்.

தவளைப் புத்தகம் புதிதாகத்தான் கிடைத்தது. கடையில், "பையனுக்கா, பொண்ணுக்கா சார்?" என்று கேட்டார்கள். "எனக்குத்தான்" என்றார். எழுத்தெல்லாம் பெரிதுபெரிதாக இருந்தது. தவளை கட்டம் கட்டமாகத் தாவி வழி கண்டுபிடிக்கிறது. எங்கே திரும்ப வேண்டும் என்று நாம் எழுத வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில், ஆறு வருஷமாக அவர் மனப்பாடமாகச் செய்துவந்த ஒன்றுக்கு ஏன் என்ற காரணம் இரண்டே படத்தில் இருந்தது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் காட்டியிருப்பார். விரலை அந்தப் பக்கத்தில் வைத்தபடி இரண்டு படங்களையும் மறுபடி பார்த்தார்.

பட்டியலில் அதை முதலில் சேர்த்து, பக்கத்தில், 'முடித்தேன். இரண்டு மாலை ஆனது. பரிந்துரைத்தவர் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவர்' என்று எழுதினார். அவளுக்கும் தெரிவித்தார். நான்கு நாள் கழித்து ஒரே ஒரு வார்த்தை வந்தது: 'சரி.' ஐ.சி.யூ. போர்வைகள் என்ன ஆயின என்று அதில் இல்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போது அவருக்கு ஐம்பது. டிப்போவில் அதே மாடி அறை. பட்டியலில் பதினாறு புத்தகங்கள் இருக்கின்றன. மூன்றுக்குப் பக்கத்தில் இன்னும் 'பாதி' என்றுதான் இருக்கிறது. மாலையில் வேலை விட்டு வந்ததும் கடிதம் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிறார். வந்திருந்தால் எழுதியவர் நின்ற பக்கத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறார். தினமும் வருவதில்லை. வராத நாட்களில் விளக்கைப் போட்டுக்கொண்டு அந்த மூன்றில் ஒன்றைப் படிக்கிறார்.